எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்: நோய் ஆய்வுகளின் அறிக்கைமுறையும் சபரகமுவத் தோட்டங்களும்

1

தோட்டத் தொழிலாளர் பற்றிய எழுத்துக்களில் எண்களுக்குக் குறைவில்லை. குழந்தை இறப்பு வீதம், குருதிச்சோகை, நிறைகுறைந்த பிறப்பு, வளர்ச்சி குன்றிய சிறுவர் தொகை என அவை அரச அறிக்கைகளிலும் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்களிலும் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகின்றன. முற்போக்கு எழுத்தாளர் அவற்றைச் சுரண்டலின் சான்றாகக் காட்டுவர். நிருவாகத்தினர் அதே எண்களின் வீழ்ச்சியைத் தம் சாதனையாகக் காட்டுவர். இரு சாராரும் பெரும்பாலும் கேளாது விடும் வினா ஒன்றுண்டு. அந்த எண் யாரை எண்ணிப் பெறப்பட்டது? எண்ணப்படாது விடப்பட்டோர் யாவர்? இவ்வினாவை முறைப்படி எழுப்புவதற்குத் துணைசெய்யும் ஆவணமாக 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்ட்ரோப் வழிகாட்டியை நோக்குவதும், அதனைச் சபரகமுவ மாகாணத்தின் வரலாற்றோடு உரைத்துப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய்கள் மக்களிடையே எவ்வாறு பரம்பியுள்ளன, ஏன் அவ்வாறு பரம்பியுள்ளன என ஆராயும் துறையே நோய்ப்பரம்பலியல். இத்துறையின் பெரும்பாலான ஆய்வுகள் அவதானிப்பு ஆய்வுகளாகும். ஒரு சாராருக்கு மருந்தைக் கொடுத்து, மறு சாராருக்குக் கொடாது விட்டு விளைவைப் பார்க்கும் பரிசோதனையினின்றும் இவை வேறுபடுவன. லயத்தில் வாழ்தலையும் மழையில் நின்று கொழுந்தெடுத்தலையும் அரைவயிறு உண்ணலையும் எந்த ஆய்வாளரும் சீட்டுக் குலுக்கி மனிதருக்குப் பங்கிட முடியாது, பங்கிடவும் கூடாது. சமுதாயம் முன்னரே பங்கிட்டு வைத்ததையே அவர் அவதானிக்கின்றார். ஆகவேதான் இவ்வாய்வுகளில் ஏமாறுவதற்கான வாய்ப்பு மிகுதி. லயத்தில் வாழ்பவருக்கும் வாழாதவருக்கும் இடையே காணப்படும் நோய் வேறுபாடு லயத்தால் விளைந்ததா, கூலியால் விளைந்ததா, வயதால் விளைந்ததா, அன்றி ஆய்வாளர் ஆட்களைத் தெரிந்த முறையாலேயே விளைந்ததா என்பதை வாசகர் அறிதல் வேண்டும். ஆய்வு நடந்த முறை முழுமையாகச் சொல்லப்பட்டாலன்றி அதனை அறிய வழியில்லை.

பரிசோதனை முறையிலான மருத்துவ ஆய்வுகளை எழுதுவதற்கு 1996 இலேயே கொன்சோட் என்னும் வழிகாட்டி தோன்றிவிட்டது. அவதானிப்பு ஆய்வுகளுக்கு அத்தகையதொன்றை ஆக்கும் நோக்குடன் 2004 செப்டெம்பரில் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் ஆய்வுமுறை அறிஞரும் மருத்துவச் சஞ்சிகை ஆசிரியரும் கூடினர். அம்முயற்சியின் விளைவே ஸ்ட்ரோப். எரிக் வொன் எல்ம், டக்ளஸ் ஆல்ற்மன், மத்தியாஸ் எக்கர், யான் வண்டென்புரூக்கே முதலியோர் அதன் ஆக்கத்தில் முன்னின்றனர். 2007 இல் அது பல மருத்துவச் சஞ்சிகைகளில் வெளியாயிற்று. ஒரு குழுவினரைக் காலப்போக்கிற் பின்தொடரும் ஆய்வு, நோயுற்றாரையும் நோயுறாதாரையும் ஒப்பிட்டு அவர்தம் கடந்தகாலத்தை வினவும் ஆய்வு, ஒரே காலப்புள்ளியில் மக்கட்டொகுதியை அளக்கும் குறுக்குவெட்டு ஆய்வு என்னும் மூவகைக்கும் உரிய 22 அம்சங்கள் அதில் நிரல்பட அமைந்துள்ளன. அவற்றுள் 18 மூவகைக்கும் பொதுவானவை. எஞ்சிய நான்கும் ஆய்வு வகைக்கேற்ப வேறுபடுவன.

அவை கேட்பவை எளியனபோற் தோன்றும். ஆய்வு எங்கே, எப்போது நடந்தது? ஆட்கள் எவ்வாறு தெரியப்பட்டனர்? தகுதியுடையோர் எத்தனை பேர், பங்குபற்றியோர் எத்தனை பேர், பங்குபற்றாமைக்குக் காரணம் யாது? விடுபட்ட தரவு எவ்வாறு கையாளப்பட்டது? பக்கச்சாய்வைத் தவிர்க்கச் செய்யப்பட்டது என்ன? ஆய்வின் குறைபாடுகள் யாவை? முடிவு பிறருக்கும் பொருந்துமா? பணம் கொடுத்தவர் யார்? இவை வைத்தியருக்கு மட்டும் உரிய நுணுக்கங்கள் எனக் கருதுவது தவறு. ஆவணத்தின் நம்பகத்தன்மையை ஆராயும் வரலாற்றாசிரியனும், ஏட்டுப் பிரதியின் பாடபேதங்களை ஆராயும் பதிப்பாசிரியனும் கேட்கும் வினாக்களே இங்கு நோயாளர் பட்டியலை நோக்கிக் கேட்கப்படுகின்றன.

2

சபரகமுவ மாகாணம் கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. இம்மாகாணத்தின் நோய் வரலாற்றிற் பெருநிகழ்வு 1934 இன் இறுதியிலே தொடங்கி 1935 இன் முற்பகுதியிலும் நீடித்த மலேரியாக் கொள்ளைநோயாகும். இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர் என்பதும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்பதும் பெரிதும் எடுத்தாளப்படும் மதிப்பீடுகள். மிகக் கடுமையாகத் தாக்குண்ட பகுதி கேகாலை மாவட்டம். அக்காலத்தில் வைத்திய சுகாதார சேவைகளின் பணிப்பாளராயிருந்த றூப்பேட் பிறையர்கிளிவ், பஞ்சாபில் மலேரியாவை ஆராய்ந்து பெயர்பெற்ற கிளிபோட் கில் ஆகிய இருவரும் 1935 இல் தனித்தனியே இந்நோய்பற்றி அறிக்கை எழுதினர்.

நோயின் காரணம் யாது? 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்தின் ஆறுகள் வற்றி, மணற்படுகையில் வெயில்படும் குட்டைகள் தங்கின. மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு பெருகுவதற்கு அவை உகந்த இடங்களாயின. வழமையாக மலேரியா அரிதாயிருந்த பகுதி ஆதலின் அம்மக்களின் உடலில் நோயெதிர்ப்பாற்றலும் குறைவாகவே இருந்தது. இது மருத்துவ விளக்கம். மறுபுறம், மழை பொய்த்தமையாற் பயிரும் பொய்த்தது. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் றப்பரினதும் தேயிலையினதும் விலை ஏற்கெனவே வீழ்ந்து, கூலியும் வேலையும் குறைந்திருந்தன. சூரியமல் இயக்கத்தின் சார்பிற் கேகாலைப் பகுதியில் நிவாரணப் பணியாற்றிய என். எம். பெரேரா, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலிய இடதுசாரிகள் நோயின் பின்னே பசியைக் கண்டனர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோதும், 1936 இல் பெரேரா உருவன்வெல்லைத் தொகுதியில் அரசாங்க சபைக்குத் தெரிவானபோதும் அந்த அனுபவம் அவர்களின் அரசியல் மூலதனமாயிற்று.

இவ்விரு விளக்கங்களையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தெரியுமாறு கேட்பது வழக்கம். நோய்ப்பரம்பலியலின் நோக்கில் இதன் உண்மை வடிவம் வேறு. ஒரே வறட்சி நுளம்பையும் பெருக்கியது, பசியையும் பெருக்கியது. எனவே பசித்தவர் மிகுதியாக இறந்தனர் எனக் காட்டும் அட்டவணை, பசிதான் கொன்றது என்பதை நிறுவாது. குட்டைக்கு அண்மையில் வாழ்ந்தோர் மிகுதியாக இறந்தனர் எனக் காட்டும் அட்டவணை, பசிக்குப் பங்கில்லை என்பதையும் நிறுவாது. ஒரு காரணத்தின் விளைவோடு மற்றொன்றின் விளைவு கலந்து நிற்கும் இந்நிலையைக் குழப்பும் காரணி என்பர். ஸ்ட்ரோப் வழிகாட்டி, ஆய்வாளர் எவ்வெவற்றைக் குழப்பும் காரணிகளாகக் கருதினார், எவ்வாறு அவற்றைக் கணக்கில் எடுத்தார், சரிசெய்யாத எண்ணும் சரிசெய்த எண்ணும் யாவை என்பவற்றை வெளிப்படையாக எழுதுமாறு கேட்கின்றது. இரண்டு எண்களும் அருகருகே இருக்கும்போதே வாசகர் வாதத்தின் வலிமையை எடைபோட முடியும்.

இனி எண்களின் பிறப்பை நோக்குவோம். இறந்தோர் 80,000 என்பது ஒவ்வொரு பிரேதத்தையும் வைத்தியர் பார்த்து எண்ணிய தொகையன்று. இயல்பான ஆண்டுகளின் இறப்பைவிட மிகையாக நிகழ்ந்தவற்றைக் கொண்டு செய்த மதிப்பீடு. கிராமத்தில் இறப்பைப் பதிந்தவர் வைத்தியரல்லர். காய்ச்சல் எனச் சொன்னதைக் காய்ச்சல் என எழுதியவர். தோட்டத்தில் நிகழ்ந்த இறப்போ துரையின் அறிவித்தலினூடாகப் பதிவேட்டைச் சென்றடைந்தது. வகுக்கும் எண்ணாகிய குடித்தொகையின் நிலையும் இத்தகையதே. 1931 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு பொருளாதார நெருக்கடியாற் சுருக்கமாகவே நடத்தப்பட்டது. அடுத்த குடிசன மதிப்பு 1946 இலேதான் நடந்தது. மந்தகாலத்தில் வேலையிழந்த இந்தியத் தொழிலாளர் பெருந்தொகையாகக் கடல் கடந்து திரும்பியதும் இவ்விடைவெளியிலேயே. ஆகவே அக்காலத் தோட்ட இறப்பு வீதத்தையும் கிராம இறப்பு வீதத்தையும் ஒப்பிட்டு, தோட்டத்தான் நல்வாழ்வு வாழ்ந்தான் என்றோ மாய்ந்தான் என்றோ எழுதுபவர், இரு பதிவுமுறைகளின் வேறுபாட்டையும் ஊர்நீங்கியோர் தொகையையும் முதலிற் சொல்லியாக வேண்டும். நோய் முற்றியவன் ஊர் திரும்பி அங்கே இறப்பின், அவனது மரணம் தோட்டத்தின் ஏட்டில் ஏறுவதில்லை. ஏடு மட்டும் ஆரோக்கியமாகத் தோன்றும்.

3

பத்தாண்டுகளின் பின் எழுந்த ஒரு விவாதம் இவ்விடயத்தை மேலும் தெளிவாக்கும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் இலங்கையில் டி.டி.ரி. தெளிக்கும் பணி தொடங்கி விரைவில் விரிவடைந்தது. 1946 இல் ஆயிரவருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. மருந்து தெளித்தது முன், இறப்புக் குறைந்தது பின். எனவே மருந்தே காரணம் என்ற முடிவு உலகெங்கும் பரவியது. குடித்தொகைப் பெருக்கத்தைப் பற்றிய பாடநூல்களிலே இலங்கை ஓர் எடுத்துக்காட்டாயிற்று.

இம்முடிவை ஹறல்ட் பிரெடெரிக்சன், எஸ். ஏ. மீகம ஆகியோர் 1960களில் வினாவுக்குட்படுத்தினர். மலேரியா அரிதாயிருந்த பகுதிகளிலும் அதே காலத்தில் இறப்பு வீழ்ந்தமை எவ்வாறு என்பது அவ்வினாக்களுள் முக்கியமானது. போர் முடிந்தபின் உணவு வழங்கல் சீரடைந்தது. வைத்தியசாலைகளும் தாய்சேய் நலச் சேவைகளும் விரிந்தன. பீற்றர் நியூமன் மலேரியா ஒழிப்புக்கே பெரும்பங்கை அளித்து வாதிட்டார். 1974 இல் ஆர். எச். கிறே மாவட்ட வேறுபாடுகளை மீளாராய்ந்து, போருக்குப் பிந்திய வீழ்ச்சியில் ஏறத்தாழ காற்பங்கையே மலேரியாக் கட்டுப்பாட்டுக்கு உரியதாக்கினார்.

இவர்களுள் யார் கூறியது முற்றிலும் சரி என்பதைவிட, இவர்களால் எவ்வாறு விவாதிக்க முடிந்தது என்பதே நமக்கு முக்கியம். மாவட்டவாரியான இறப்பு எண்களும் மண்ணீரல் வீக்கம் பற்றிய பழைய அளவீடுகளும் அச்சில் இருந்தன. ஒருவர் பயன்படுத்திய தரவை மற்றவர் எடுத்து, வேறு வகையாக அடுக்கி, வேறு முடிவு காண முடிந்தது. முடிவை மட்டும் எழுதி வழியை மறைத்திருந்தால் முதல் முடிவே வேதவாக்காகியிருக்கும். உழைக்கும் மக்களின் உணவும் வைத்தியமும் உயிர்காத்தன என்ற உண்மை, ஒரு பூச்சிகொல்லியின் புகழுக்குள் புதைந்திருக்கும். அறிக்கைமுறை அரசியலற்ற விடயம் எனக் கருதுவோர் இவ்விவாதத்தை மனங்கொள்ளல் வேண்டும்.

4

இன்றைய நிலைக்கு வருவோம். இலங்கையின் புள்ளிவிபரங்கள் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கின்றன. 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவருள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய வகையில் ஏறத்தாழ 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். இவ்வேறுபாடு கண்டனத்துக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோட்டத்துறை என்பது யாரைக் குறிக்கின்றது? குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரைவிலக்கணப்படி, 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புடையதும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ளே குடியிருப்பதுமான பெருந்தோட்டமே தோட்டமாகும். இவ்வரைவிலக்கணத்தின்படி 2012 இல் நாட்டின் குடித்தொகையில் 4.4 வீதத்தினரே தோட்டத்துறையில் அடங்கினர்.

நுவரெலியாவின் பரந்த தேயிலை மலைகளில் இவ்வரைவிலக்கணம் பெரிதும் பொருந்தக்கூடும். பெல்மதுளைச் சுற்றாடலை நோக்கின் நிலைமை வேறு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருவீதியிலிருந்து எம்பிலிப்பிட்டிய வீதி பிரியும் சந்தி அது. தாழ்நிலத் தேயிலையும் றப்பரும் வயலும் மாணிக்கக் குழியும் ஒன்றையொன்று தொட்டுக்கிடக்கும் பிரதேசம். சிறு தேயிலைக் காணிகள் இங்கு மிகுதி. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களைத் தொடர்ந்து தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பதினைந்து ஏக்கர் காணியொன்றில் பழைய லயத்தின் இரண்டு காம்பராக்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பம், அட்டவணையில் ‘கிராமம்’ ஆகின்றது. அக்குடும்பத்துப் பிள்ளையின் வளர்ச்சிக்குறைவு கிராமத்தின் சராசரியிற் கரைந்து மறைகின்றது. தோட்டத்துறை எண் பொய்யன்று. அதன் எல்லைக்கு வெளியே நிற்போரைப்பற்றி அது எதுவும் சொல்லவில்லை என்பதே உண்மை. ஆய்வின் முடிவு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என எழுதுமாறு ஸ்ட்ரோப் கேட்பதன் பொருள் சபரகமுவவில் இதுவாகும்.

காலத்தாலும் இம்மக்கட்டொகுதி நிலைத்து நிற்கவில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியோராயினர். 1977, 1981 ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்கள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களையும் தாக்கின. குடும்பங்கள் பல வடக்கு நோக்கிப் பெயர்ந்தன. ஒரு குழுவினரைப் பின்தொடரும் ஆய்வில் இடையே காணாமற் போவோரைத் தொடர்பிழந்தோர் என ஓர் எண்ணாக எழுதிவிடலாம். சபரகமுவவில் அந்த எண்ணுக்குள்ளே ஒப்பந்தமும் தீயும் அடங்கியுள்ளன. காரணத்தையும் எழுதுக என்று வழிகாட்டி கூறுவதை நாம் இப்பொருளிலேயே வாசிக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனையாக அமைத்துப் பார்ப்போம். பெல்மதுளைக்கு அண்மையில் ஒரு தோட்டத்தில் குருதிச்சோகையை ஆராய ஒருவர் வருகின்றார். காலையிற் பிரட்டுக்களத்தில் நிற்கும் பெண்களிடம் குருதி எடுக்கின்றார். “தோட்டப் பெண்களுள் இத்தனை வீதத்தினருக்குக் குருதிச்சோகை” என எழுதுகின்றார். பிரட்டுக்கு வந்தவர் யார்? அன்று வேலைக்கு வரத்தக்க உடல்வலு உடையவர். தலைச்சுற்றலால் லயத்திற் படுத்திருப்பவளும், பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகாதவளும், பேர் போடப்படாத கைக்காசு வேலைக்காகக் கிராமத்துக் காணிக்குப் போனவளும் அக்கணக்கில் இல்லை. செக்ரோலில் உள்ளோர் எத்தனை பேர், அன்று வந்தோர் எத்தனை பேர், வந்தோருள் இசைந்தோர் எத்தனை பேர், செக்ரோலிலேயே இல்லாத குடியிருப்பாளர் எத்தனை பேர் என நான்கு வரிகள் எழுதியிருந்தால், வாசகர் அவ்வீதம் உண்மையைவிடக் குறைவானதாக இருக்கலாம் என ஊகித்திருப்பர். நான்கு வரிகள் இன்மையால் நோயின் ஒரு பகுதி காணாமற் போகின்றது. அந்த வீதத்தைக் காட்டி இரும்புச்சத்து மாத்திரை வழங்கலைக் குறைக்க ஒருவர் முற்பட்டால், அதற்கு விலை கொடுப்பவர் பிரட்டுக்கு வரமுடியாதவரே.

வினாவை யார் எம்மொழியிற் கேட்டார் என்பதும் இத்தகையதே. தோட்ட உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்க, மொழிபெயர்ப்பாளர் மூலம் “மூன்று வேளையும் உண்கிறீர்களா?” எனக் கேட்டுப் பெறும் விடையும், காம்பராவின் அடுப்படியில் தமிழிற் கேட்டுப் பெறும் விடையும் ஒன்றாகா. அளவீட்டு முறையை விபரிக்குமாறு கோரும் அம்சத்தின்கீழ் இவை எழுதப்படல் வேண்டும்.

5

இவ்வளவு கூறியபின் வழிகாட்டியின் எல்லைகளையும் சுட்டுவது விமர்சகரின் கடமையாகும். முதலாவது, ஸ்ட்ரோப் எழுதும் முறைக்கான வழிகாட்டியே. ஆய்வின் தரத்தை அளக்கும் அளவுகோலாக அது ஆக்கப்படவில்லை என அதன் ஆசிரியர்களே கூறியுள்ளனர். மோசமான ஆய்வொன்றையும் 22 அம்சங்களுக்கும் அமைய ஒழுங்காக எழுதிவிடலாம். நேர்மையாக எழுதப்பட்டால் அதன் மோசம் வெளிப்படும் என்பதே இதன் பயன். ஆனால் சஞ்சிகைகள் அம்சங்களுக்கு எதிரே சரி அடையாளமிட்ட தாளைப் பெற்றுக்கொண்டு திருப்தியுறும்போது, வழிகாட்டி சடங்காகிவிடும். தொல்காப்பியச் சூத்திரத்தை ஒப்புவிப்பவனெல்லாம் இலக்கணம் அறிந்தவனல்லன் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வினாவைத் தெரிந்தவர் யார் என்பதை இப்பட்டியல் போதியளவு கேட்கவில்லை. நிதியளித்தவரின் பெயரைக் கேட்கின்றது, அது நன்று. ஆனால் தொழிலாளியின் பழக்கவழக்கங்கள் பற்றி நூறு வினாக்களும் கூலி பற்றி ஒரு வினாவும் கொண்ட வினாக்கொத்து, பட்டியலின் அம்சங்கள் யாவற்றையும் நிறைவு செய்துவிடக்கூடும். தோட்டத்தினுள்ளே நுழைய யாருடைய அனுமதி பெறப்பட்டது, அனுமதி மறுத்த தோட்டங்கள் எத்தனை என்பன எழுதப்படாதவிடத்து, கதவு திறந்த தோட்டங்களின் கதையே தோட்டங்கள் யாவற்றின் கதையாகிவிடும்.

மூன்றாவது, அறிக்கை யாருக்குத் தெளிவாக இருத்தல் வேண்டும்? வழிகாட்டி மனத்திற் கொண்ட வாசகர் ஆய்வாளரும் வைத்தியரும் சஞ்சிகை ஆசிரியருமாவர். குருதி கொடுத்த பெண்ணுக்கு அவ்வறிக்கை எட்டுவதில்லை. அவள் மொழியில், தாய்மார் கூடும் பிள்ளைமடுவத்தில் வாசிக்கத்தக்க இரு பக்கச் சுருக்கமேனும் இன்றி ஆய்வு முற்றுப்பெற்றது எனக் கொள்ளலாகாது. அச்சுருக்கத்தில் வீதத்தோடு ஆட்டொகையும் இருத்தல் வேண்டும். பத்துப் பிள்ளைகளுள் ஐவர் என்பதை விளங்கிக்கொள்பவர், ஐம்பது வீதம் என்பதன் பின்னே பத்துப் பிள்ளைகளே உளர் என்பதையும் கேட்டறியும் உரிமையுடையவர்.

இக்குறைகள் வழிகாட்டியைத் தள்ளிவிடுவதற்கான நியாயங்களாகா. மாறாக, முற்போக்காளர் அதனை உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டிய காரணம் ஒன்றுண்டு. ஒடுக்கப்பட்டோர் சார்பில் எழுதுகிறோம் என்பதற்காக எண்ணின் பிறப்பை ஆராயாது எடுத்தாளும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. நமக்குச் சாதகமான எண்ணை ஆராயாது ஏற்பவர், பாதகமான எண் வரும்போது அதனை ஆராயும் உரிமையை இழந்துவிடுகின்றார். நிருவாகம் ஒரு நாள் இறப்பு வீதம் பாதியாயிற்று என அறிக்கை வெளியிடுமாயின், யாரை எண்ணினீர், யாரை விட்டீர் எனக் கேட்பதற்கு நாம் அதே வினாவை நம் எண்களிடமும் கேட்டிருக்க வேண்டும்.

எனவே தோட்ட மக்களின் உடல்நலம் பற்றிய கட்டுரைகளை ஏற்கும் தமிழ் ஆய்விதழ்கள் யாவும் பின்வருவனவற்றைக் கட்டாயமாகக் கேட்டல் வேண்டும் என முன்மொழிகின்றோம். தோட்டம் என எழுத்தாளர் குறிப்பது எவ்வரைவிலக்கணத்தின்படி? குடியிருப்போர், செக்ரோலில் உள்ளோர், அணுகப்பட்டோர், இசைந்தோர் ஆகியோரின் தொகை யாது? விடுபட்டோர் ஏன் விடுபட்டனர்? வினாக்கள் எம்மொழியில், எவ்விடத்தில், யார் முன்னிலையிற் கேட்கப்பட்டன? அனுமதி யாரிடம் பெறப்பட்டது? முடிவு அம்மக்களுக்கு எவ்வாறு திரும்பிச் சென்றது? இவ்வாறு வினாக்களுக்கும் விடை எழுத ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கத்தை எழுத முடியாத ஆய்வின் எஞ்சிய பக்கங்களை நாம் நம்பி எடுத்தாள்வதற்கு நியாயம் இல்லை.